புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு ரப்பர் பேரிங்: பொருத்தி ஓட்டிப் பார்த்த பிறகு ஒரு மதிப்பீடு

இன்போர்டு எஞ்சின் உள்ள, அதாவது எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் படகில், கியர்பாக்ஸிலிருந்து புறப்படும் ஷாஃப்ட் படகின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, புரொப்பல்லரை அடைவதற்கு முன் ஒரு பிராக்கெட்டின் வழியாகச் செல்கிறது. அந்தப் பிராக்கெட்டுக்குள், எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கும் பேரிங்கைப் பற்றியது இந்த மதிப்பீடு. நான் பொருத்தியது டுராமேக்ஸ் நிறுவனத்தின் கட்லெஸ் பேரிங். 1 அங்குல ஷாஃப்டுக்கு உரியது, வெளிவிட்டம் ஒன்றரை அங்குலம், நீளம் 4 அங்குலம். வெளியே கடற்பித்தளை உறை, உள்ளே அந்த உறையோடு ஒட்டி வார்க்கப்பட்ட நைட்ரைல் ரப்பர், அந்த ரப்பரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள். இவற்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் படகின் பின்பகுதி அதிராமல் ஓடுவதும், ஷாஃப்ட் பல ஆண்டுகள் நிலைப்பதும், கிளாண்ட் வழியாக, அதாவது ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்து நீரடைப்பின் வழியாக, தண்ணீர் அளவுக்கு மீறி உள்ளே கசியாதிருப்பதும் பெருமளவு இந்தச் சிறு குழாயைப் பொறுத்தே அமைகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் மிக நல்லது, தயங்காமல் வாங்கலாம். ஆனால் கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் எடுத்து அது எங்கே, ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதைப் பொருத்துகிறவர், பழுதின் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றுகிறார்.

இந்தப் பேரிங்கின் மசகு தண்ணீர்தான். ஷாஃப்ட் சுழலத் தொடங்கியதும், அது தன்னோடு தண்ணீரை இழுத்துச் சென்று தனக்கும் ரப்பருக்கும் இடையே ஆப்பு வடிவில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. போதிய வேகம் வந்தபின் ஷாஃப்ட் அந்தப் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது, ரப்பரைத் தொடுவதே இல்லை. ஆகவே தேய்மானத்தின் பெரும்பகுதி எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் மிக மெதுவாக ஓட்டும்போதும் நிகழ்கிறது. பள்ளங்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு: புதிய தண்ணீரைத் தொடர்ந்து கொண்டுவந்து சூட்டை அகற்றுவது ஒன்று, மணலையும் சேற்றையும் வெளியேற்றுவது மற்றொன்று. ஷாஃப்டுக்கும் ரப்பருக்கும் இடையே ஒரு மணல் துகள் சிக்கினால், ரப்பர் சற்றே அமுங்கி அதற்கு இடம் கொடுக்கிறது. துகள் உருண்டு அடுத்த பள்ளத்தில் விழுந்து தண்ணீரோடு போய்விடுகிறது. அதே துகள் கடினமான உலோகப் பேரிங்கில் சிக்கியிருந்தால், அங்கேயே பதிந்து ஷாஃப்டை அறுத்துக்கொண்டிருக்கும். ஆழமில்லாத, கலங்கிய நீரில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு குணமே ரப்பர் பேரிங்கைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

நீராவிக் கப்பல்களில் புரொப்பல்லர் புகுந்த தொடக்க காலத்தில் ஷாஃப்டின் பின்முனைப் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசும் வகையில் இருந்ததால் மிக விரைவாகத் தேய்ந்தன. ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1854இல் காப்புரிமை பெற்ற வழி, லிக்னம் விட்டே என்னும் மிகக் கடினமான, இயற்கையாகவே பிசின் நிறைந்த மரத்தின் பட்டைகளைப் பேரிங்காக அடுக்கி, கடல்நீரையே மசகாக விடுவது. பின்முனைப் பேரிங்கைத் தண்ணீருக்கே ஒப்படைக்கலாம் என்ற துணிவு அப்போது பிறந்தது. ரப்பர் பின்னால் வந்தது. கலிஃபோர்னியாவின் சுரங்கப் பொறியாளரான சார்ல்ஸ் ஷெர்வுட், பம்பின் தேய்ந்துபோன பேரிங்குக்கு மாற்று கிடைக்காமல் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகிப் பார்த்ததாகவும், அது உலோகத்தைவிட நீண்ட காலம் உழைத்ததாகவும் இந்தப் பேரிங்கின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. மணல் கலந்த சுரங்கத் தண்ணீரில் உழைத்த பொருள் மணல் கலந்த கடல்நீரிலும் உழைப்பதில் வியப்பில்லை.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதைப் படகைக் கரையேற்றியதும் கையாலேயே அறியலாம். புரொப்பல்லரை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் அசைக்க வேண்டும். புதிய பேரிங்கில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். கைக்கு அது ஒரு மெல்லிய அசைவாகவே தெரியும். ஷாஃப்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் பதினாறில் ஓர் அங்குலம், அதாவது 1 அங்குல ஷாஃப்டுக்கு ஏறத்தாழ 1.6 மி.மீ. ஆட்டம் வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது படகு வேலை செய்கிறவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. அந்த எல்லைவரை காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. அவ்வளவு ஆட்டத்தோடு சுழலும் ஷாஃப்ட், கிளாண்டுக்குள் நீரைத் தடுக்கத் திணித்திருக்கும் பேக்கிங்கை ஒவ்வொரு சுற்றிலும் நசுக்கி விரிக்கிறது, கசிவு கூடுகிறது, கசிவை அடக்க நட்டை இறுக்கினால் ஷாஃப்ட் அங்கே சூடேறித் தேய்கிறது. விலை குறைந்த ஒரு பொருளை இன்னும் ஒரு பருவம் நீட்டிக்க முயன்று, விலை மிகுந்த ஷாஃப்டைக் கெடுத்துக்கொள்வதில் சிக்கனம் எதுவும் இல்லை. ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை) ஷாஃப்டுக்கும் ரப்பருக்கும் இடையே நுழைத்து, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும், முன்முனையிலும் பின்முனையிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கழற்றிய பிறகு அந்தச் செய்தி கிடைக்காது.

அந்த அளவுகள் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். பேரிங்கின் அடிப்பக்கம் மட்டும், முன்முனை முதல் பின்முனை வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அது ஷாஃப்ட், புரொப்பல்லர் ஆகியவற்றின் எடையால் வந்த இயல்பான முதுமை, வருந்த ஒன்றுமில்லை. முன்முனையில் ஒரு பக்கமும் பின்முனையில் அதற்கு நேரெதிர்ப் பக்கமும் தேய்ந்திருந்தால், ஷாஃப்ட் பேரிங்குக்குள் சாய்வாகச் செல்கிறது என்று பொருள்; எஞ்சின் இருக்கை தளர்ந்திருக்கலாம், எஞ்சினின் ரப்பர்த் தாங்கிகள் அமுங்கியிருக்கலாம், அல்லது பிராக்கெட்டே எங்கோ மோதி வளைந்திருக்கலாம். ரப்பர் சுற்றிலும் சமமாகத் தேய்ந்து, ஷாஃப்டில் மட்டும் ஒரு பக்கம் பளபளத்துத் தேய்ந்திருந்தால், குற்றம் சுழலும் பகுதியில் இருக்கிறது: ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது புரொப்பல்லரின் ஓர் இதழ் அடிபட்டுச் சமநிலை குலைந்திருக்கிறது. ரப்பர் தேயாமல், உறையிலிருந்து பிரிந்து உள்நோக்கிப் புடைத்திருந்தால், பேரிங் தண்ணீரின்றிச் சூடேறியதையோ ஒட்டு விட்டுப்போனதையோ காட்டுகிறது. நான் கழற்றிய பேரிங்கில் தேய்மானம் குறுக்காக இருந்தது. முன்முனையில் மேல்பக்கமும் பின்முனையில் அடிப்பக்கமும் மெலிந்திருந்தன. எஞ்சினின் பின்பக்கத் தாங்கிகள் வயதாகி அமுங்கியதால் கியர்பாக்ஸும் அதனோடு ஷாஃப்டின் முன்முனையும் தாழ்ந்து, பிராக்கெட்டுக்கு முன்னால் ஷாஃப்ட் கீழிறங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படியானால் முன்முனையில் அடிப்பக்கம் தேய்ந்திருக்க வேண்டும். மேல்பக்கம் தேய்ந்திருந்தது, எஞ்சின் இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சற்று உயர்த்திப் பூட்டப்பட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. அதைச் சரிசெய்யாமல் புதிய பேரிங்கை மட்டும் போட்டிருந்தால், அதுவும் அதே வடிவில் தேய்ந்திருக்கும்.

பழையதைக் கழற்றுவது இந்த வேலையிலேயே கடினமான பகுதி. புரொப்பல்லரைப் புல்லர் வைத்துக் கழற்றி, கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, ஷாஃப்டை வெளியே உருவிவிட்டால் பேரிங் வெறுமையாக நிற்கும். முதலில் பிராக்கெட்டின் பக்கவாட்டில் இருக்கும் கிரப் ஸ்க்ரூக்களை, அதாவது பேரிங் நகராமல் தடுக்கும் தலையில்லாத சிறு திருகுகளை, தேடிக் கழற்ற வேண்டும். பல அடுக்குப் பெயிண்டுக்கும் கொட்டலசுக்கும் அடியில் அவை மறைந்திருக்கும், அவற்றைக் கவனியாமல் அழுத்தினால் பிராக்கெட்டின் உட்சுவர் கீறிப்போகும். சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதை நான் முழுவதுமாக எதிர்க்கிறேன். பிராக்கெட் படகின் அடிப்பாகத்தில் போல்ட்டுகளாலோ பிசினாலோ பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடியும் அந்தப் பிடிப்பை அசைக்கிறது, பிறகு அங்கிருந்து படகுக்குள் நீர் கசியத் தொடங்கினால் அதைச் சரிசெய்வது பேரிங்கைவிடப் பன்மடங்கு பெரிய வேலை. நெருப்பு வைப்பதும் கூடாது. ரப்பர் எரிந்து நச்சுப் புகை விடும், ஃபைபர் கிளாஸ் படகில் பிராக்கெட்டின் வேரில் உள்ள பிசின் இளகும். உறுதியான வழி, ஹேக்ஸா பிளேடைப் பேரிங்கின் உள்ளே நுழைத்துச் சட்டத்தில் மாட்டி, நீளவாக்கில் அறுப்பது. அறுப்பதற்கு முன் அந்த இடத்து ரப்பரைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டால் பிளேடு பித்தளையில் நேராக இறங்கும். சற்று இடைவெளி விட்டு இரண்டு கோடுகள் அறுத்து, நடுவிலுள்ள பட்டையை உளியால் உள்நோக்கி நெம்பினால், உறை தளர்ந்து கையோடு வரும். பித்தளைச் சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஆகவே அடிக்கடி நிறுத்தி, வெட்டின் ஆழத்தை விளக்கொளியில் பார்த்து, பிராக்கெட்டைத் தொடும் முன்பே நிறுத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

ஷாஃப்டை உருவாமலேயே பேரிங்கை மாற்றித் தருகிற அழுத்துக் கருவிகளும் விற்பனையில் உள்ளன. இரண்டாகப் பிளந்த வளையங்களை ஷாஃப்டைச் சுற்றிப் பூட்டி, பிராக்கெட்டுக்கு இருபுறமும் நீண்ட போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கும்போது, பழைய பேரிங் ஒரு பக்கமாக நகர்ந்து வெளியே வருகிறது. அதே கருவியைத் திருப்பி வைத்துப் புதியதை உள்ளே அழுத்தலாம். புரொப்பல்லரை மட்டும் கழற்றினால் போதும், கப்ளிங்கைத் தொட வேண்டாம், சுக்கானை இறக்க வேண்டாம். நேரம் பெருமளவு மிச்சமாகிறது, பிராக்கெட்டின் மேல் அடி விழுவதில்லை, அழுத்தம் சமமாகப் பரவுகிறது. படகுத்துறையில் தொழிலாக இதைச் செய்கிறவர்களுக்கு இந்தக் கருவி மிகவும் உகந்தது. இருந்தும், சொந்தப் படகை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் இதையே நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாஃப்ட் உள்ளேயே இருந்தால், ஷாஃப்ட் படகின் அடிப்பாகத்தைக் கடக்கும் குழாயான ஸ்டெர்ன் டியூபுக்குள் தேங்கிய தண்ணீரில் கிடக்கும் அதன் பகுதியைப் பார்க்கவே முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தன் மேற்பரப்பின் காப்புப் படலத்தைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்ஸிஜன் வேண்டும். அது கிடைக்காத இடுக்கில், தேங்கிய கடல்நீரில், ஊசி முனையளவு குழிகள் விழுந்து உள்நோக்கி ஆழமாக அரிக்கின்றன. வெளியே கண்ணாடிபோல் மின்னும் ஷாஃப்ட், பேரிங்கும் பேக்கிங்கும் மறைத்த இடத்தில் முறியும் நிலையில் இருக்கலாம். ஆகவே அண்மையில் உருவிப் பார்த்து நலமென்று அறிந்த ஷாஃப்டாக இருந்தால் கருவியைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் நேரம் ஆனாலும் ஷாஃப்டை உருவியே ஆக வேண்டும்.

உருவிய ஷாஃப்டைத் துடைத்து, பேரிங் உட்காரும் இடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் ஓர் ஓரத்தில் தடுக்கி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மைக்ரோமீட்டரால் தேய்ந்த இடத்தையும் தேயாத இடத்தையும் அளந்து ஒப்பிட்ட பிறகே பேரிங்கை வாங்கச் செல்ல வேண்டும். அளவு வாங்குவதில் பலர் இடறும் ஓர் இடம் உண்டு: 25 மி.மீ. ஷாஃப்டும் 1 அங்குல ஷாஃப்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும், ஆனால் 1 அங்குலம் 25.4 மி.மீ. ஆகும். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 1 அங்குலப் பேரிங்கை வாங்கினால், அது ஷாஃப்டில் அழகாக ஏறிவிடும், பிழை தெரியாது. ஆனால் புதிய பேரிங்குக்கு உரிய இடைவெளியோடு இன்னும் 0.4 மி.மீ. சேர்ந்து, முதல் நாளிலேயே கணிசமாகத் தேய்ந்ததுபோல் அது ஓடத் தொடங்கும். வெளிவிட்டத்திலும் இதே கவனம் வேண்டும், 40 மி.மீ. குழலும் ஒன்றரை அங்குலக் குழலும் வேறுவேறு. பழைய பேரிங்கின் வெளிவிட்டத்தை மட்டும் நம்பாமல், பிராக்கெட்டின் உட்சுவரைத் துடைத்துவிட்டு, இரு முனைகளிலும் இரண்டு திசைகளில் அளந்துகொள்வது நல்லது. இந்த வகைப் பேரிங்கின் நீளம் பெரும்பாலும் ஷாஃப்ட் விட்டத்தின் நான்கு மடங்கு. 4 அங்குல நீளம் அப்படி வந்ததுதான்.

டுராமேக்ஸ் பேரிங்கில் எனக்கு மிகவும் நிறைவளித்தது அதன் அளவுத் துல்லியம். காலிப்பரில் வெளிவிட்டம் முனைக்கு முனை மாறாமல் இருந்தது. ரப்பரின் உள்முகம் வழவழப்பாக, வார்ப்புப் பிசிறுகள் இல்லாமல் இருந்தது. முனைகளில் ரப்பரும் உறையும் சேரும் இடத்தில் இடுக்கு எதுவும் தெரியவில்லை. இந்தத் துல்லியத்தைப் பாராட்டுவதற்குக் காரணம் உண்டு. பேரிங்கின் வெளிவிட்டம் பிராக்கெட்டின் உள்விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு மட்டும் கூடுதலாக இருந்து, மென்மையான அழுத்தத்தில் உள்ளே செல்ல வேண்டும். அதற்கு மேல் இறுகினால், பிராக்கெட் உறையை நெருக்குகிறது, உறை ரப்பரை நெருக்குகிறது, ரப்பர் ஷாஃப்டை நெருக்குகிறது. தண்ணீர்ப் படலத்துக்கு வேண்டிய இடம் போய்விடுகிறது. இறுக்கமாக உட்கார்ந்தது என்று மகிழ்கிற பலர், உள்விட்டம் குறுகிப்போனதை அறிவதில்லை. தளர்வாக இருந்தால் உறை பிராக்கெட்டுக்குள் ஆடி, இரண்டையும் தேய்க்கும்.

பொருத்துவதற்கு முதல் நாள் இரவு பேரிங்கை வீட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டேன். பித்தளை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 0.02 மி.மீ. சுருங்கும். 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒன்றரை அங்குல விட்டத்தில் 0.04 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான சுருக்கம் கிடைக்கிறது. எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் நமக்குத் தேவையான இறுக்கமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், குளிர்ந்த பேரிங் பாதி தூரம் ஏறக்குறைய எதிர்ப்பின்றியே உள்ளே செல்கிறது. பிராக்கெட்டைச் சுற்றிச் சுடுநீரில் நனைத்த துணியைச் சுற்றினால் இன்னும் எளிது. பிராக்கெட்டின் உட்சுவரை நைஸ் எமரித் தாளால் துடைத்து, வாயோரத்தில் இருக்கும் கூர்விளிம்பை மழுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு நீண்ட மரையாணிக் கம்பி, கனமான வாஷர்கள், இரண்டு நட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு மெல்ல இழுத்து ஏற்றினேன். முதல் சில மில்லிமீட்டர்கள் நேராகச் செல்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்வாகத் தொடங்கிவிட்டால் நட்டை இறுக்க இறுக்கச் சாய்வு கூடும், அப்போது பின்வாங்கி மறுபடி தொடங்குவதே சரி. வாஷர் பித்தளை உறையின் விளிம்பில் மட்டும் அழுத்த வேண்டும், ரப்பரின்மேல் அழுத்தக் கூடாது. கிரீஸும் எண்ணெயும் இந்த வேலைக்கு வேண்டாம். இந்த ரப்பர் தண்ணீருக்கென்று அமைந்தது, கிரீஸ் பள்ளங்களில் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்முனையில் உறை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்கும்படி நிறுத்தினேன். அடுத்த முறை கழற்றுகிறவருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கிரப் ஸ்க்ரூக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல பேரிங்குகள் பல இவற்றால்தான் கெடுகின்றன. பேரிங் உட்கார்ந்ததும், ஸ்க்ரூத் துளையின் வழியாகவே சிறிய டிரில்லை விட்டு, உறையின் வெளிமுகத்தில் ஆழமில்லாத ஒரு குழி மட்டும் இட வேண்டும். உறையைத் துளைத்து ரப்பர்வரை போய்விடக் கூடாது. ஸ்க்ரூவின் முனை அந்தக் குழிக்குள் நின்று, பேரிங் சுழலாமலும் நழுவாமலும் தடுக்கிறது. அதன் வேலை அவ்வளவே. பேரிங்கை இறுகப் பிடிப்பதற்கென்று அதை முறுக்கினால், உறை அந்த இடத்தில் உள்நோக்கிக் குழிந்து, ரப்பரில் ஒரு மேடு எழும்பி, ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் அதில் உரசும். குழியைத் தொட்டதும் நிறுத்தி, மரை தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கரை அதில் இட்டுவிட்டால் போதும். சிலர் பேரிங்கைச் சுற்றி எபாக்ஸி பூசி ஒட்டிவிடுகிறார்கள். மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை நிரந்தரமாக ஒட்டுவது, அடுத்துக் கழற்றப்போகிறவருக்கு இழைக்கும் கொடுமை என்றே கருதுகிறேன்.

ஷாஃப்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மீண்டும் ஏற்றியபோது, கையால் திருப்பினால் மென்மையான, சீரான எதிர்ப்பு மட்டும் இருந்தது; எந்த இடத்திலும் கட்டிப் பிடிக்கவில்லை. கப்ளிங்கைப் பூட்டுவதைப் படகு தண்ணீரில் இறங்கும்வரை ஒத்திவைக்க வேண்டும். கரையில் தாங்கிகள்மேல் நிற்கும் படகின் உடல், தண்ணீரில் மிதக்கும்போது இருக்கும் வடிவத்தில் இருப்பதில்லை. இறக்கிய பிறகும் ஒரு நாளாவது படியவிட்டு அளப்பதே நம்பத்தக்கது. கப்ளிங்கின் இரு முகங்களையும் சேர்த்து வைத்து, போல்ட் பூட்டாமல், சுற்றிலும் ஃபீலர் கேஜால் அளந்தால், மிகப் பெரிய இடைவெளிக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு கப்ளிங்கின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 4 அங்குலக் கப்ளிங்குக்கு அது ஏறத்தாழ 0.1 மி.மீ. எஞ்சின் இருக்கையின் நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தி இறுக்கி, ஒவ்வொரு முறையும் மீண்டும் அளந்து, அந்த எல்லைக்குள் கொண்டுவர நெடுநேரம் ஆகும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் புதிய பேரிங்கின் ஆயுள் ஃப்ரீஸரிலோ மரையாணிக் கம்பியிலோ முடிவாவதில்லை, இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

தண்ணீர் தடையின்றி வர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும், இருந்தும் அதைத் தடுக்கும் செயல்களை எல்லாப் படகுத்துறைகளிலும் காணலாம். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று ஷாஃப்டில் மாட்டும் துத்தநாக அனோடைப் பேரிங்கின் வாயோடு ஒட்டி வைத்தால் பள்ளங்களின் வாய் அடைபடும். விரற்கடை தூரமாவது விலக்கி வைக்க வேண்டும். மறுபக்கத்தில் புரொப்பல்லர் வெகுதொலைவில் தொங்கினாலும் தவறு; பேரிங்குக்கும் புரொப்பல்லருக்கும் இடையே ஷாஃப்ட் விட்டத்துக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது. அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பேரிங்கின் வாயை டேப்பால் மூடிவிட்டு, வேலை முடிந்ததும் மறவாமல் எடுத்துவிட வேண்டும். கரையில் நிற்கும் படகில் எஞ்சினைச் சோதிக்கிறவர்கள் கியர் போடவே கூடாது; தண்ணீரில்லாமல் சுழலும் ஷாஃப்ட் சில விநாடிகளிலேயே ரப்பரைச் சூடேற்றி, பளபளப்பான கருந்தோலாக்கிவிடும். நெடுநாள் கரையில் நின்ற படகை இறக்கும்போதும், ரப்பர் நனைந்தபின் ஷாஃப்டைக் கையால் சில சுற்றுகள் திருப்பிவிட்டு எஞ்சினைக் கிளப்புவது என் வழக்கம்.

ஓட்டத்தில் பேரிங் எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நடுத்தர வேகத்தில் முன்பு கால்களில் உணர்ந்த அதிர்வும், சுக்கான் கைப்பிடியில் வந்த நடுக்கமும் இல்லை. கிளாண்டில் கசிவு, இருக்க வேண்டிய மெதுவான சொட்டுக்குத் திரும்பியது. பேக்கிங்கை மாற்ற வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. மிகக் குறைந்த வேகத்தில், தொடக்கத்தில் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டது. அந்த வேகத்தில் தண்ணீர்ப் படலம் முழுமையாக உருவாகாததால் புதிய ரப்பர் ஷாஃப்டோடு உரசி எழுப்பும் ஒலி அது. வேகம் கூடியதும் மறைந்தது, ஓட ஓடக் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. வேகம் கூடியும் கீச்சொலி தொடர்ந்தால் மட்டும் இடைவெளி போதவில்லை என்றோ தண்ணீர் வரவில்லை என்றோ ஐயப்பட வேண்டும். இந்த மாற்றங்களில் எவ்வளவு பேரிங்கால் வந்தது, எவ்வளவு எஞ்சினை நேர்ப்படுத்தியதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் சேர்த்துச் செய்ததன் பலன் என்பதே நேர்மையான விடை.

பித்தளை உறைக்குச் சில எல்லைகள் உள்ளன. கடற்பித்தளையில் ஏறத்தாழ 60 விழுக்காடு செம்பு, 39 விழுக்காடு துத்தநாகம், 1 விழுக்காடு வெள்ளீயம். அந்தச் சிறு அளவு வெள்ளீயமே துத்தநாகம் கரைந்து போவதைத் தாமதப்படுத்துகிறது, முற்றாகத் தடுப்பதில்லை. அனோடு தேய்ந்து தீர்ந்த பிறகும் படகை ஓட்டிக்கொண்டிருந்தால், அல்லது மின்கசிவு இருந்தால், உறை இளஞ்சிவப்பு நிறமாகி, கத்தியால் சுரண்டினால் உதிரும் நிலைக்கு வரும். அலுமினியப் படகுகளுக்கும் எஃகுப் படகுகளுக்கும் பித்தளை உறையே வேண்டாம்; இரண்டு உலோகங்களும் கடல்நீரும் சேர்ந்தால் படகின் உலோகம்தான் அரிக்கப்படும். அவற்றுக்கு அதே ரப்பரை ஃபைபர் கலந்த பிசின் உறையில் வார்த்த வகைகள் கிடைக்கின்றன. ரப்பரே இல்லாத, முழுக்கப் பாலிமரால் ஆன தார்டன், வெஸ்கோனைட் போன்ற பேரிங்குகளையும் பலர் விரும்புகிறார்கள். அவற்றைப் பிராக்கெட்டின் அளவுக்கேற்ப லேத்தில் கடைந்துகொள்ளலாம், ஆகவே வழக்கத்துக்கு மாறான அளவுள்ள பழைய படகுகளுக்கு அவை பெரிய உதவி. ஆனால் கடைசலில் அளவு தவறினால் பொறுப்பு கடைந்தவருடையது, தண்ணீரில் பாலிமர் ஊறிப் பருக்கும் அளவையும் வெப்பத்தில் விரியும் அளவையும் சேர்த்தே இடைவெளியைக் கணக்கிட வேண்டும். சாதாரண நைலானைக் கடைந்து போடுகிறவர்களுக்கு நேரும் துன்பம் இதுதான்: அது தண்ணீரை உறிஞ்சிப் பருத்து ஷாஃப்டைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமான அளவுள்ள ஃபைபர் கிளாஸ் படகுக்கும் மரப் படகுக்கும், அளவெடுத்து வாங்கி அப்படியே அழுத்திப் பொருத்தக்கூடிய பித்தளை உறைப் பேரிங்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பொருத்தி முடித்தபின் படகைச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் இருக்கையின் நட்டுகளையும் கப்ளிங் இடைவெளியையும் கிளாண்டின் சூட்டையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். புதிய தாங்கிகள் போட்டிருந்தால் அவை எடையில் சற்றுப் படிந்திருக்கும், கப்ளிங் அளவு மாறியிருக்கும். ஃபீலர் கேஜால் எடுத்த புதிய பேரிங்கின் நான்கு பக்க அளவுகளை எஞ்சின் நோட்டில் தேதியோடு எழுதிவைத்தால், அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.